பெட்டிக்குள் பூதம் – 9: மந்திரம் பலிக்காத மந்திரவாதி

சென்ற வாரம் 1963 நவம்பர் 23-இல் நின்றோம். போலீஸ் பெட்டியின் வடிவில் ஒரு கால இயந்திரம், அதற்குள் சிடுசிடு முதியவர் ஒருவர் என்று பிபிசி 'டாக்டர் ஹூ'வைத் தொடங்கிய நாள் அது. வில்லியம் ஹார்ட்னெல் அந்த முதியவராக வந்தார்.

ஆனால் அந்த வேடம் நேராக ஹார்ட்னெலிடம் வந்துவிடவில்லை. அதற்கு முன் வேறு சில நடிகர்களின் பெயர்கள் அடிபட்டன. அவர்களில் ஒருவர் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்.

இந்த வாரக் கதை அந்த மறுப்பிலிருந்து தொடங்குகிறது.

39 வயதுக் கிழவர்

அவர் பெயர் ஜெஃப்ரி பெய்ல்டன். லீட்ஸ் நகரத்துக்காரர். 1924-இல் பிறந்தவர். கணக்குப் பார்த்தால் 1963-இல் அவருக்கு 39 வயது.

39 வயதுக்காரரிடம் எதற்காக முதியவர் வேடத்தைக் கொண்டுபோனார்கள்? அதுதான் அவருக்கு வாய்த்த வரமும் சாபமும். நீண்ட முகம், எலும்பு துருத்திய கன்னம், எங்கேயோ பார்க்கும் கண்கள். மேடையேறிய நாளிலிருந்தே தாத்தா, பாட்டன், பைத்தியக்காரப் பேராசிரியர் என்று ஒட்டுத்தாடி வேடங்களே அவரைத் தேடி வந்தன. அலுத்துவிட்டது. இன்னொரு கிழவனாக, அதுவும் மாதக்கணக்கில் ஒரே தொடரில் மாட்டிக்கொள்ள அவருக்கு மனமில்லை.

மறுத்துவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. 1967-இல் 'டு சார், வித் லவ்' படத்தில் சிட்னி பாய்ட்டியரோடு அதே பள்ளியில் வேலை பார்க்கும் கசப்பான ஆசிரியராக வந்தார். அதே ஆண்டு வெளிவந்த 'கேசினோ ராயல்' என்ற கேலிப் படத்தில் ஜேம்ஸ் பாண்டுக்கு ஆயுதம் செய்து கொடுக்கும் 'க்யூ' அவர்தான். எல்லாம் சின்ன வேடங்கள். பார்த்தவர்களுக்கு முகம் நினைவிருக்கும், பெயர் நினைவிருக்காது.

குழந்தைகள் தெருவில் பார்த்து ஓடிவந்து சூழ்ந்துகொள்ளும் புகழை அவர் 1963-இலேயே கைவிட்டுவிட்டார். அப்படித்தான் தோன்றியது.

வேலிக்கதவில் ஒரு பெயர்

இதே காலத்தில் லண்டனில் இன்னொரு நடிகர் இருந்தார். ரிச்சர்ட் கார்ப்பென்டர். 1929-இல் நார்ஃபோக் மாவட்டத்தின் கிங்ஸ் லின் நகரில் பிறந்தவர். தொலைக்காட்சியில் சில்லறை வேடங்களில் வந்துபோய்க்கொண்டிருந்தார். எழுத்தாளர் என்று அவரை அப்போது யாருக்கும் தெரியாது.

தென் இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒருநாள் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வேலிக்கதவில் எழுதியிருந்த பெயர் அவர் கண்ணில் பட்டது. 'கேட்வீசல்.' யார் வைத்த பெயர், எதற்காக வைத்தது, ஒன்றும் புரியவில்லை. ஆனால் காதில் நின்றுவிட்டது. பின்னாளில் பேட்டிகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்தப் பெயருக்கு உரிய ஆள் எப்படி இருப்பான்? அழுக்கு அங்கி. சிக்குப் பிடித்த தாடி. எப்போதும் பயந்த பார்வை. கையில் ஒரு தேரை. பெயரிலிருந்து ஆள் வந்தான். ஆளிலிருந்து கதை வந்தது.

கதையின் முதற்புள்ளி 11-ஆம் நூற்றாண்டு. 1066-இல் நார்மன்கள் கடல் கடந்து வந்து ஹேஸ்டிங்ஸ் களத்தில் சாக்ஸன் மன்னனை வீழ்த்தினார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் மண் கைமாறியது, கோட்டைகள் முளைத்தன, ஆள்பவரின் மொழி பிரெஞ்சு ஆனது. அந்தக் கலவரத்தில் காட்டில் ஒளிந்து வாழும் ஒரு சாக்ஸன் மந்திரவாதிதான் கேட்வீசல். சொந்த நாட்டிலேயே தலைமறைவு.

குழந்தைகள் தொடருக்கு இத்தனை கனமான பின்னணி எதற்கு என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை எடுத்து வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

திறந்த அன்றே இருண்ட திரை

கதை இருந்தது. வாங்க ஆள் வேண்டுமே.

1967-இல் பிரிட்டனின் வணிகத் தொலைக்காட்சி உரிமங்கள் புதிதாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. லண்டன் நகரம் இரண்டு பங்காயிற்று. வார நாட்கள் தேம்ஸ் நிறுவனத்துக்கு. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷனுக்கு. ஒரே ஊர், ஒரே அலைவரிசை, இரண்டு கடை.

லண்டன் வீக்கெண்டின் பின்னால் இருந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. டேவிட் ஃப்ராஸ்ட் இருந்தார். பிபிசியிலிருந்து மைக்கேல் பீகாக், ஃப்ராங்க் மியூர் போன்ற பெருந்தலைகள் வந்தார்கள். தரமான தொலைக்காட்சி தருவோம் என்று சொல்லி உரிமம் வாங்கினார்கள். 1968 ஆகஸ்ட் 2 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. தொடங்கிய சில விநாடிகளிலேயே தொழில்நுட்ப ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் திரை இருண்டது!

சகுனம் பார்ப்பவர்கள் அன்றே கையைப் பிசைந்திருப்பார்கள். பிறகு நடந்ததும் அப்படித்தான். பார்வையாளர்கள் வரவில்லை, விளம்பரம் வரவில்லை. 1969 செப்டம்பரில் இயக்குநர் குழு பீகாக்கை வெளியேற்றியது. அதைக் கண்டித்து மியூர் உட்படத் துறைத்தலைவர்கள் பலர் வரிசையாக வெளியேறினார்கள். கப்பல் கவிழ்ந்தது என்றே பத்திரிகைகள் எழுதின.

இந்தக் களேபரத்தின் நடுவே ஒரு பெண்மணி காதும் காதும் வைத்தாற்போல் ஒரு காரியம் செய்து முடித்திருந்தார். ஜாய் விட்பி. பிபிசியில் 'ப்ளே ஸ்கூல்', 'ஜாக்கனோரி' என்ற இரண்டு குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கும் மூலகாரணம் அவர். கதை சொல்வதைத் தவிர வேறு ஒன்றுமே இல்லாத 'ஜாக்கனோரி'யை நம்பி எடுத்தவருக்கு, ஒரு பெயர் தெரியாத எழுத்தாளரின் தேரைக் கிழவனை நம்புவதில் சிரமம் இருந்திருக்காது. முதல் 13 பகுதிகளின் நிர்வாகத் தயாரிப்பாளராக அவர் பெயர்தான் வருகிறது.

கார்ப்பென்டர் தொலைக்காட்சிக்கு விற்ற முதல் கதை இதுதான்.

இன்னொரு தாடி

வேடம் பெய்ல்டனைத் தேடி வந்தது. மறுபடியும் கிழவன். மறுபடியும் காலம் கடந்து பயணம். மறுபடியும் குழந்தைகள் தொடர். ஆறு ஆண்டுகளுக்கு முன் எதை வேண்டாம் என்றாரோ, அது அழுக்கு அங்கி போட்டுக்கொண்டு திரும்பி வந்து நின்றது.

இந்த முறை சரி என்றார்.

ஏன்? என் எண்ணத்தைச் சொல்கிறேன். 'டாக்டர்' எல்லாம் தெரிந்தவர். எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் விளக்கம் சொல்வார். மற்றவர்கள் வாய்பிளந்து கேட்க வேண்டும். கேட்வீசலுக்கு ஒன்றும் தெரியாது. அவன்தான் வாய்பிளக்க வேண்டும். ஒரு நடிகனுக்கு விளக்கம் சொல்வதைவிட வாய்பிளப்பது எவ்வளவோ தீனி. உடம்பு முழுக்க நடிக்க இடம் இருந்தது. பெய்ல்டன் ஓர் அங்குலத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. பாதி விலங்காகக் குறுகி நடப்பார். பல்லிடுக்கில் காற்றை இழுத்துச் சீறுவார். ஆபத்து என்றால் முதலில் மூக்குதான் திரும்பும்.

சர்ரே மாவட்டத்தின் ஈஸ்ட் கிளாண்டன் கிராமத்தில் ஒரு நிஜப் பண்ணையில் கேமராவை வைத்தார்கள். குவென்டின் லாரன்ஸ் இயக்கினார். ஸ்டுடியோவுக்குள் அட்டைச் சுவர் நிறுத்தி வீடியோ டேப்பில் பிடிக்காமல், வெளியில் போய் ஃபிலிமில், வண்ணத்தில் எடுத்தார்கள். செலவு அதிகம். 1969 நவம்பர் 15-இல் வணிகத் தொலைக்காட்சி வலையமைப்பு வண்ணத்துக்கு மாறியிருந்தது என்றாலும் பெரும்பாலான வீடுகளில் இன்னும் கறுப்பு-வெள்ளைப் பெட்டிதான்.

இந்த ஃபிலிம் முடிவு எவ்வளவு பெரியது என்று அன்று யாருக்கும் தெரியாது.

ஒரு சுவிட்ச்

1970 பிப்ரவரி 15. ஞாயிற்றுக்கிழமை.

காடு. குதிரைக் குளம்பொலி. நார்மன் வீரர்கள் துரத்துகிறார்கள். கிழவன் ஓடுகிறான். பறந்து தப்பிக்க மந்திரம் சொல்கிறான். பறக்கவில்லை. தண்ணீருக்குள் விழுகிறான்.

எழுந்திருக்கும்போது அதே மண். ஆனால் ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன.

அவனுக்கு அது தெரியாது. நார்மன் பயம் இன்னும் விடவில்லை. ஹெக்ஸ்வுட் என்ற பண்ணைக்குள் நுழைகிறான். அங்கே செம்பட்டைத் தலைச் சிறுவன் ஒருவன். எட்வர்ட் பென்னட் என்பது அவன் பெயர். தலைமுடியின் நிறத்தால் எல்லோருக்கும் 'கேரட்'. அதில் நடித்த ராபின் டேவிஸ், 1969-இல் கான் பட விழாவின் முதல் பரிசை வென்ற 'இஃப்' படத்தில் பள்ளி மாணவனாக வந்தவன். குழந்தை நட்சத்திரச் சிணுங்கல் அவனிடம் துளியும் இல்லை.

சிறுவன் சுவரில் ஒரு சுவிட்சைத் தட்டுகிறான்.

கிழவன் உறைந்துபோகிறான்.

கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடிக் குடுவைக்குள் சூரியன்! இந்தப் பொடியன் சூரியனைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறான். விரல் அசைத்தால் உதிக்கிறது, மறுபடி அசைத்தால் அஸ்தமிக்கிறது. இவன் எவ்வளவு பெரிய மந்திரவாதியாக இருக்க வேண்டும்! அந்த முதல் பகுதிக்குத் தலைப்பே 'குடுவைக்குள் சூரியன்' என்ற பொருளில்தான்.

தொடர் வென்ற கணம் இது. மந்திரவாதி கதை என்றால் மந்திரவாதி வித்தை காட்டுவான், நாம் அசந்துபோவோம். இங்கே வித்தை காட்டுவது நம் வீட்டுச் சுவர். அசந்துபோவது மந்திரவாதி. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்துபோய்த் தங்கள் வீட்டு சுவிட்சை ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருப்பார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

பெரியவர்கள் தொட்டதற்கெல்லாம் விளக்கம் சொல்லும் உலகில், ஒரு கிழவனுக்கு விளக்கம் சொல்லும் இடத்தில் ஒரு பிள்ளை நிற்கிறது. மின்சாரம், தொலைபேசி, கார் எல்லாம் கிழவன் வாயில் புகுந்து வேறு பெயரோடு வெளியே வரும். தொலைபேசி அவனுக்குச் 'சொல்லும் எலும்பு'. பிரிட்டிஷ் பிள்ளைகள் அந்தச் சொற்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மந்திரத்தில் மாங்காய்

மந்திரத்தில் மாங்காய் விழுமா என்று கேட்போம். கேட்வீசலைப் பொறுத்தவரை பெரும்பாலும் விழாது. கையை உயர்த்துவான். பிசாசுகளைப் பெயர் சொல்லி அழைப்பான். ஒன்றும் நடக்காது. தலையில் அடித்துக்கொண்டு, எதுவும் பலிப்பதில்லையே என்று தேரையிடம் புலம்புவான். தேரையின் பெயர் டச்வுட். அது பதில் சொல்லாது.

ஆனால் எப்போதாவது, யாரும் எதிர்பாராத நேரத்தில், ஏதோ ஒன்று பலித்ததுபோல் இருக்கும். தற்செயலா, மந்திரமா? கார்ப்பென்டர் சொல்ல மாட்டார். இந்தத் தராசை அவர் கடைசிவரை ஆட்டிக்கொண்டே இருந்தார். தொடரை முழு நகைச்சுவையாகப் போய்விடாமல் பிடித்து நிறுத்தியது அதுதான்.

இன்னொன்று. எழுதியவர் மந்திரத்தைக் கேலிக்காக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. படித்திருக்கிறார். கிழவன் குடியேறுவது கைவிடப்பட்ட ஒரு தண்ணீர்க் கோபுரத்தில். அதற்கு அவன் வைக்கும் பெயர் 'சாபுராக் கோட்டை'. ஐரோப்பியப் பழைய மந்திரச் சுவடிகளில் சாபுராக் என்ற பூதம் உண்டு. அதன் வேலை கோபுரங்களும் கோட்டைகளும் கட்டித் தருவது! ஞாயிற்றுக்கிழமை மாலை டீயோடு தொடர் பார்த்த எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? தெரியாவிட்டால் ஒன்றும் குறையாது. ஆனால் அடியில் அந்தக் கல் இருந்தது.

தண்ணீர்க் கோபுரத்தையும் கவனியுங்கள். மந்திரவாதிக்கு வீடு என்றால் குகையோ பாழடைந்த கோயிலோதான் எல்லோருக்கும் தோன்றும். கார்ப்பென்டர் தேர்ந்தெடுத்ததோ இயந்திர யுகத்தின் இடிபாட்டை. நேற்றைய அதிசயம் இன்று யாருக்கும் வேண்டாம். அதில்தான் அதைவிடப் பழைய ஒருவன் வந்து படுக்கிறான்.

அதே ஊரில் இன்னொருவன்

இங்கே கொஞ்சம் விலகிப் போக வேண்டும்.

கேட்வீசலின் முதல் 13 பகுதிகள் 1970 மே 10-இல் முடிந்தன. அதே ஆண்டு ஜூலை 29 அன்று, வார நாள் கடைக்காரரான தேம்ஸ் நிறுவனம் தன் மந்திரவாதியை இறக்கியது. தொடரின் பெயர் 'ஏஸ் ஆஃப் வாண்ட்ஸ்'. உருவாக்கியவர் டிரெவர் பிரஸ்டன். நாயகன் டேரட். இளைஞன், அழகன், நாகரிக உடை. மேடையில் வித்தைக்காரன், மேடைக்கு வெளியே துப்பறிவாளன். நடித்தவர் மைக்கேல் மெக்கென்சி. தேரைக்குப் பதில் ஆந்தை.

கேட்வீசலுக்குப் பலிக்காதது எல்லாம் டேரட்டுக்குப் பலித்தது. மூன்று ஆண்டுகளில் 46 பகுதிகள் வந்தன.

இன்று அவற்றில் 20-தான் மிச்சம். முதல் இரண்டு தொகுதிகளின் 26 பகுதிகளும் போய்விட்டன. காரணம் வீடியோ டேப். அந்த நாளில் அது விலை உயர்ந்த சரக்கு. ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன்மேல் வேறு நிகழ்ச்சியைப் பதிவார்கள். குழந்தைகள் நிகழ்ச்சிதானே, யார் மறுபடி பார்க்கப் போகிறார்கள்?

ஃபிலிமை அப்படி அழித்து மறுபடி பயன்படுத்த முடியாது. கேட்வீசலின் 26 பகுதிகளும் முழுசாக இருக்கின்றன. தாடிக்காரன் தப்பியது மந்திரத்தால் அல்ல, ஈஸ்ட் கிளாண்டன் வயலில் ஓடிய ஃபிலிம் சுருளால்.

வாத்து நிறுத்தம்

முதல் தொகுதியின் முடிவில் கிழவன் கேரட்டைப் பிரிந்து தன் காலத்துக்குப் போய்விட்டான். திரும்ப வரும்போது கேரட்டே மறுபடி இருக்கலாம் அல்லவா? வெற்றி பெற்ற ஜோடியைப் பிரிப்பது தொலைக்காட்சியில் யாரும் செய்யாத காரியம்.

கார்ப்பென்டர் செய்தார்.

1971 ஜனவரி 10. மறுபடி நார்மன்கள், மறுபடி தண்ணீர். ஆனால் எழுந்த இடம் வேறு. பண்ணை இல்லை, கிங்ஸ் ஃபார்த்திங் என்ற பிரபுவின் மாளிகை. கையில் காசில்லாத பிரபு, அவர் மனைவி, குரூம் என்ற வேலையாள். வேலையாளாக வந்தவர் 'கேரி ஆன்' படங்களின் பீட்டர் பட்டர்வொர்த். மூக்குக்கண்ணாடி போட்ட பிரபு மகன் செட்ரிக்தான் புதுத் தோழன். கிழவன் அவனுக்கு 'ஆந்தை மூஞ்சி' என்று பெயர் வைத்தான்.

செட்ரிக்காக நடித்த கேரி வாரன், 1970 டிசம்பரில் வெளியான 'தி ரயில்வே சில்ட்ரன்' படத்தின் சிறுவன் பீட்டர். அடுத்த மாதமே தொலைக்காட்சியில் அவன் ஒரு ரயில் நிலையத்துக்குப் போனான். ஆனால் இங்கே ரயில் வராது. 'டக் ஹால்ட்' என்ற கைவிடப்பட்ட நிறுத்தம். கிழவனின் புது வீடு அதுதான். 1963-இல் பீச்சிங் அறிக்கை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்ன பிறகு, புல் மண்டிய நடைமேடைகள் பிரிட்டிஷ் கிராமங்களுக்குப் பழகிப்போயிருந்தன. அந்தச் சோகத்தைக் கார்ப்பென்டர் பேசவே இல்லை. அங்கே ஒருவனைக் குடிவைத்தார், அவ்வளவுதான்.

மாளிகைக் காட்சிகளை ஹெர்ட்ஃபர்ட்ஷயரின் பிரிக்கன்டன்பரியில் எடுத்தார்கள். அந்த வீட்டுக்குத் தனிக் கதை எழுதலாம். இரண்டாம் உலகப் போரில் நாசவேலைப் பயிற்சி பெற்ற ரகசியப் படையினர் அங்கே தங்கினார்கள். 1970-களில் மலேசிய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் குடியேறியது. நம்மவர்கள் மலாயாத் தோட்டங்களில் சிந்திய பாலின் ஆய்வு, கேட்வீசல் ஒளிந்து திரிந்த புல்வெளியில்!

இந்த முறை கிழவனுக்கு ஒரே ஆசை. பறக்க வேண்டும். அதற்கு ராசிச் சக்கரத்தின் 12 சின்னங்களையும் தேடிச் சேர்க்க வேண்டும். வாரம் ஒரு சின்னம். பன்னிரண்டு வாரத்துக்கு அது சரி. தொகுதிக்கோ 13 பகுதிகள். கடைசிப் பகுதியின் தலைப்பே 'பதின்மூன்றாவது சின்னம்'.

என் கணிப்பில் இரண்டாம் தொகுதி வேடிக்கையில் கூடுதல், ஆழத்தில் ஒரு மாற்றுக் குறைவு. கேரட்டோடு இருந்த உறவில் ஒரு தனிமை இருந்தது. பிரபு வீட்டில் கூட்டம் அதிகம். ஆனால் எழுத்து சறுக்கவில்லை. பிரிட்டனின் எழுத்தாளர் சங்கம் 1971-இல் சிறந்த குழந்தைகள் நாடக எழுத்துக்கான விருதைக் கார்ப்பென்டருக்குக் கொடுத்தது. 1974-இல் ஜெர்மனி இந்தத் தொடரைப் பார்த்துத் தன் பிள்ளையாகவே சுவீகரித்துக்கொண்டது. 2021-இல் ஓட்டோ வால்கஸ் நடிக்க அங்கே புதுப்படமே எடுத்தார்கள்.

1971 ஏப்ரல் 4. கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. மூன்றாவது தொகுதி வரவில்லை.

காட்டுக்குள்

1963-இல் வேண்டாம் என்று சொன்ன பெய்ல்டன், 2017-இல் 93 வயதில் மறையும்வரை தேரைக்காரக் கிழவனாகவே அறியப்பட்டார். 'டாக்டர் ஹூ' பக்கமும் 1979-இல் ஒருமுறை தலைகாட்டினார், சோதிடம் சொல்லும் ஒருவராக.

கார்ப்பென்டரின் கதை அப்படி முடியவில்லை. பேய்கள் குடியிருக்கும் மாளிகை, வழிப்பறிக்காரன் டிக் டர்பின் என்று எழுதிக்கொண்டே போனார். 1984-இல் மறுபடி நார்மன்கள் வந்தார்கள். மறுபடி காட்டில் ஒளியும் சாக்ஸன்கள். எடுத்து வைக்கச் சொன்ன கேள்வி நினைவிருக்கிறதா? இந்த முறை அந்தச் சாக்ஸனின் கையில் தேரை இல்லை, வில் இருந்தது. பெயர் ராபின் ஹூட்.

அந்தக் காட்டில், மான்கொம்பு சூடிய ஒருவர் மூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து வருவார். அவர் சொன்னால் நடக்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள். மந்திரம் பலிக்காது என்பதை வைத்தே 26 வாரம் பிள்ளைகளைச் சிரிக்கவைத்த எழுத்தாளர், பலிக்கும் மந்திரத்தின் பக்கம் எப்படிப் போய்ச் சேர்ந்தார்? இடைப்பட்ட 13 ஆண்டுகளில் அவருக்கும் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கும் என்ன ஆயிற்று?

(அடுத்த வாரம்)